ஷிம்னாவின்ர மேசையில என்ர கார்ப் பெட்டி

மாளிகாவத்தை மாடிவீட்டில, மூண்டாம் மாடியில, சாப்பாட்டு மேசையில வைச்சுக் கார் கொம்பியூட்டர் திருத்துற ஒருத்தி இருக்கிறா எண்டு எங்கட ஒழுங்கை த்ரீவீல்காரத் தம்பி சொன்னபோது நான் சிரிச்சிட்டன். "ஏன், குசினியில கப்பலும் திருத்துவாவோ?" எண்டு கேட்டன். முப்பது வருசம் பள்ளிக்கூடத்தில கணக்குப் படிப்பிச்ச வாய். அது அப்பிடித்தான் கதைக்கும், நான் என்ன செய்ய?

ஆனா சிரிச்சுக்கொண்டு இருக்கேலாத நிலைமை. என்ர கார் தொண்ணூத்தி நாலாம் ஆண்டு ஜப்பான் கார். என்ர மனிசன் இருக்கேக்க வாங்கினது. வெள்ளவத்தையில ஸ்டார்ட் பண்ணினா பம்பலப்பிட்டி மட்டும் நல்ல பிள்ளையா ஓடும். பிறகு இருமும், உதறும், நடு றோட்டில நிண்டுடும். பின்னால பஸ்காரன் ஹோர்ன் அடிச்சுச் சிங்களத்தில ஏசுவான், நானும் சிங்களத்திலயே திருப்பிக் குடுப்பன். கடைசியாக் கராஜ்காரர் பார்த்திட்டு, "எஞ்சினை ஆட்டிவைக்கிற பெட்டிக்குள்ள தண்ணி போயிருக்கு மிஸ். அதை எறிஞ்சிட்டு வேற தேடுங்கோ" எண்டார்.

தண்ணி எண்டதும் எனக்கு ராகுலன்ர ஞாபகம் வந்தது. என்ர ஒரே தம்பி. வத்தளையில இருக்கிறான். ஐப்பசி மழையில, களனி கங்கை பொங்கி நிண்ட கிழமை, நீர்கொழும்பில ஒரு கலியாணத்துக்கு எண்டு காரை வாங்கிக்கொண்டு போனவன். வேற ஆர் தண்ணிக்குள்ள விட்டிருப்பினம்? நேர வத்தளைக்கு பஸ் ஏறிப் போய், வாசல்ல நிண்டே கேட்டன். "இல்லை அக்கா, நான் வெள்ளத்துக்குள்ள விடேல்ல" எண்டான். "பொய் சொல்லாதை!" எண்டு கத்தினன். அவன்ர மனிசி நிண்டவ. மகள் டிலக்சனாவும் நிண்டவள், பதின்மூண்டு வயசுப் பிள்ளை. அதுகளுக்கு முன்னால என்ர தம்பியைப் பொய்யன் எண்டு சொல்லிப்போட்டுத் திரும்பியும் பாராமல் வந்திட்டன்.

அதோட ரெண்டு மாசமாக் கதை பேச்சு இல்லை. சனிக்கிழமையில கணக்குப் படிக்க வாற டிலக்சனாவையும் அவை அனுப்பேல்ல. எனக்குப் பிள்ளையள் இல்லை. அந்தச் சனிக்கிழமை இல்லாமல் கிழமை முழுக்க வெறுமையாக் கிடந்தது. ஆனா மன்னிப்புக் கேக்க வேண்டியது அவன்தானே எண்டு நான் விடாப்பிடியா இருந்தன். பெட்டி திருந்துறது எனக்கு ரெண்டாம் பட்சம். அதுக்குள்ள வெள்ளத்துச் சேறு இருக்கவேணும், அதைப் படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்பவேணும். அந்த எண்ணத்தோடதான் மாளிகாவத்தைக்குப் போனன்.

ஷிம்னாவுக்கு முப்பத்தெட்டு வயசு இருக்கும். தலையில சால்வை, மூக்கு நுனியில கண்ணாடி, கையில ஈயம் உருக்கிற சின்ன அயன். கார் நிண்ட இடத்துக்கு இறங்கி வந்தா. ஒரு பேப்பர் கிளிப்பை நிமித்தி, பொனட்டுக்குள்ள இருந்த சின்னச் சொக்கட்டில ரெண்டு ஓட்டைக்குள்ள குத்தினா. டாஷ்போர்ட்டில எஞ்சின் லைட் விட்டு விட்டு மின்னத் தொடங்கிச்சு. எத்தினை தரம் மின்னுது எண்டு அவ விரல் மடிச்சு எண்ணினா.

"இது ஆறு சாமானையும் பழுதெண்டு சொல்லுது டீச்சர்," எண்டா. "ஆறும் ஒரே நாள்ல பழுதாகுமா? சாமான்கள் நல்லாத்தான் ஈக்கி. சொல்ற பெட்டிக்குத்தான் சுகமில்ல."

பெட்டி இருந்தது முன் இடப்பக்க சீற்றுக்கு முன்பக்கம், கால் வைக்கிற இடத்தில, கார்ப்பெட்டுக்கு அடியில. அவ குனிஞ்சு அதைக் கழட்டும்போதே கேட்டா. "உள்ளுக்கு ஏதும் ஊத்துப்பட்டிச்சா? தேத்தண்ணி, சோடா, கறி, பிள்ளைகள்ட பால்?"

"ஒண்டும் இல்லை. என்ர தம்பி வெள்ளத்துக்குள்ள விட்டவன்," எண்டன், நீதிமன்றத்தில சாட்சி சொல்லுற மாதிரி.

மேல போனதும் பெட்டியை மேசையில வைச்சிட்டு எனக்கு ஒரு கதிரை இழுத்துப் போட்டா. "நான் தேத்தண்ணி குடிச்சிட்டுப் பிறகு வாறனே," எண்டன். விடேல்ல. சொந்தக்காரர் முன்னால இல்லாமல் அவ எந்தப் பெட்டியும் துறக்க மாட்டாவாம். கராஜ்காரன் குடுத்தனுப்பினாலும் சரி, சொந்தக்காரர் வந்து கதிரையில இருக்கவேணும், மூடி கழர முன்னம் ஒருக்கா, கழண்டதுக்குப் பிறகு ஒருக்கா, தங்கட போனில படம் எடுக்கவேணும். என்ன வீம்புக்காரி எண்டு மனசுக்குள்ள நினைச்சன். எனக்கும் படம் தேவைதானே, பேசாமல் இருந்தன்.

நாலு ஆணி கழண்டுது. மூடியைத் தூக்கினா. நான் எட்டிப் பார்த்தன். சேறு இல்லை. ஒரு மூலையில பச்சைப் பூசணம், அதைச் சுத்தி மங்கின ஒரு கறை. "பார்த்தீங்களோ, தண்ணி! தம்பிக்கு அனுப்பப்போறன்," எண்டு படம் எடுத்தன். எனக்குச் சந்தோசம், அதை ஏன் மறைப்பான்.

ஷிம்னா பெரிசாக் காட்டுற கண்ணாடியை இழுத்து வைச்சு, மீற்றரின்ர ரெண்டு ஊசியாலயும் தொட்டுத் தொட்டுப் பார்த்தா. நல்ல இடத்தில மீற்றர் கீச்செண்டும், ஒரு இடத்தில வாய் திறக்கேல்ல. "இந்தச் செப்புக்கோடு அரிச்சுப் போச்சி. பக்கத்தில ரெண்டு கெப்பாசிற்றரும் கசிஞ்சீக்கி, அது வயசுக் கோளாறு," எண்டா. பிறகு கறையைத் துடைக்க ஒரு காதுக்குச்சியை எடுத்துச் சவர்க்காரத் தண்ணியில நனைச்சு மெல்லத் தேய்ச்சா.

பஞ்சு சிவந்துது.

கறையும் சிவந்துது. நல்ல இரத்தச் சிவப்பு. மஞ்சள் பட்ட சீலையைச் சவர்க்காரம் போட்டுத் தோய்ச்ச எந்தப் பொம்பிளைக்கும் அது மஞ்சள்தான் எண்டு தெரியும். ஷிம்னா என்னைப் பார்க்கேல்ல. குச்சியை மேசையில வைச்சிட்டு இன்னொண்டு எடுத்தா. எனக்குக் காதெல்லாம் சூடாச்சு.

விஜயதசமிக்குக் காருக்குப் பூசை செய்தனான். ஐயர் மாவிலையால ஆறு சொட்டுத் தெளிச்சிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடிட்டார். எனக்கு அது போதேல்ல. செம்பு நிறைய மஞ்சள் தண்ணி கரைச்சு நானே சீற்றெல்லாம் தெளிச்சன். பிறகு சில்லுக்குக் கீழ தேசிக்காய் வைச்சு நசிக்கவேணுமெல்லோ? அரைச் செம்புத் தண்ணி மிச்சம் இருந்தது. அதை இடப்பக்க சீற்றில வைச்சிட்டு, ஏறியிருந்து காரை முன்னுக்கு எடுத்தன். தேசிக்காய் மேல சில்லு ஏறித் துள்ளிச்சு, செம்பு கவிண்டு முழுக்கக் கீழ ஊத்துப்பட்டுது. "நல்ல சகுனம்" எண்டு சொல்லிக் கால்மிதியைப் பிழிஞ்சு போட்டன். கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்க்கேல்ல. ஷிம்னா கீழ வைச்சுக் கேட்டபோதும் அது எனக்கு ஞாபகம் வரேல்ல. தேத்தண்ணி ஊத்துப்பட்டா ஊத்துப்பட்டது. பூசைத் தண்ணி எனக்கு அந்தக் கணக்கில சேரவே இல்லை.

"என்ன பிள்ளை இது," எண்டன். குரல் எனக்கே கேக்கேல்ல.

"ஈரந்தான் டீச்சர்," எண்டா ஷிம்னா. "எந்த ஈரமும் ஒண்டுதான். தம்பிக்கு அனுப்ப இந்தச் சிவப்பு வார முன்னம் எடுத்த படம் ஈக்கிதானே."

அந்த மனிசி எனக்கு வழி விட்டவ. நான் நினைச்சிருந்தா அந்த வழியால போயிருக்கலாம். ஒரு நிமிசம் நினைச்சும் பார்த்தன், பொய் சொல்லேல்ல.

அவ கெப்பாசிற்றர் ரெண்டையும் கழட்டினா. சூடு பட்டதும் பழைய மீன் வாடை கிளம்பிச்சு. மயிரளவு செப்புக்கம்பி எடுத்து அரிச்ச கோட்டுக்கு மேலால பாலம் போட்டா. எனக்குச் சும்மா இருக்க ஏலாமல், "ஏன் ஆள் முன்னால இருந்தாத்தான் துறப்பீங்கள்?" எண்டு கேட்டன்.

முதல் ஒரு போன் திருத்துற கடையில ஒம்பது வருசம் வேலை செஞ்சவவாம். அங்க இருந்த ஒரே பொம்பிளை. ஒருநாள் ஒரு வாடிக்கைக்காரர் வந்து, தன்ர போன்ல இருந்த நல்ல சாமானை இவ எடுத்திட்டா எண்டு சத்தம் போட்டாராம். முதலாளி அஞ்சு பேருக்கு முன்னால இவவின்ர கைப்பையைக் கவிட்டுக் கொட்டினாராம்.

"ரெண்டு கிழமைக்குப் பொறகு அந்த ஆள்ட மச்சான் வேலை அது எண்டு தெரிஞ்சிச்சி," எண்டா, அயனை நிறுத்தாமல். "அந்த ஆள் முதலாளிக்குப் போன் பண்ணி மன்னிப்புக் கேட்டாராம். முதலாளி எனக்கிட்ட வந்து, பிரச்சின முடிஞ்சி எண்டார். அந்த அஞ்சு பேருக்கும் ஒருத்தரும் சொல்லல்ல டீச்சர். அவங்களுக்கு நான் இன்னும் கள்ளிதான்." கடையை விட்டு வந்து வீட்டில இருக்கேக்க, புருசன் நபீஸின்ர லொறிப் பெட்டி பழுதாகி, இந்த மேசையில வைச்சுத் தானே திருத்தினதாம். அப்பிடித் தொடங்கினது இந்த வேலை.

பெட்டியைக் காயவைச்சு, மூடிப் பூட்டி, ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தம். எஞ்சின் இருமாமல் ஓடிச்சு. ஷிம்னா மூடியில ஒட்டுற வெள்ளை ரேப்பில திகதியும் பழுதும் எழுதுறது வழக்கம். பேனையைப் பிடிச்சுக்கொண்டு என்ர முகத்தைப் பார்த்தா.

"மஞ்சள் தண்ணி எண்டு எழுதுங்கோ," எண்டன். எழுதினா.

தம்பிக்குப் போன் எடுக்கலாம் எண்டு நினைச்சன். நம்பரையும் எடுத்தன். பிறகு வைச்சிட்டு, கிராண்ட்பாஸால திருப்பி, பாலம் தாண்டி வத்தளைக்கு விட்டன். கார் ஒரு இடத்திலயும் நிக்கேல்ல. நிண்டிருந்தா நல்லம் எண்டு ரெண்டு மூண்டு தரம் நினைச்சன்.

டிலக்சனா வாசல் படியில இருந்து பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். ராகுலன் உள்ள இருந்து வந்து, என்னைக் கண்டு கதவடியில நிண்டுட்டான். மனிசியும் பின்னால வந்தவ. எனக்கு வாய் வரண்டுபோச்சு. ஆயிரம் பிள்ளையளுக்கு முன்னால நிண்டு கதைச்ச வாய்.

"அப்பா வெள்ளத்துக்குள்ள விடேல்ல," எண்டு டிலக்சனாவுக்குச் சொன்னன். "நான்தான் மஞ்சள் தண்ணியை ஊத்தினனான். அப்பா சொன்னது உண்மை. மாமி சொன்னதுதான் பிழை. உங்கள் எல்லாருக்கும் முன்னால சொல்லுறன், என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

ராகுலன் கண்ணைத் துடைச்சான். டிலக்சனா பேனையை மூடி வைச்சாள்.

"மாமி பிழை விடமாட்டா எண்டு நான் உங்களைத்தான் நம்பினனான்," எண்டாள். "ரெண்டு மாசமா அப்பாவோட கதைக்கேல்ல."

எழும்பினாள். என்னட்ட வரேல்ல. அப்பாவிட்டப் போனாள்.