ஏழாம் வாய்ப்பாட்டை இழுத்தவர்

இன்னாசிப்பிள்ளையின் குரல் அவருக்கு முன்னே வந்துவிடும். கடற்கரையில் நின்று அவர் மனைவியிடம் வெற்றிலை கேட்டால், கோயிலுக்குப் பின்னாலுள்ள தென்னந்தோட்டத்தில் வேலை செய்பவர்களுக்கும் அவருடைய வெற்றிலை முடிந்துவிட்டது தெரியும். செய்த பாவங்களைச் சுவாமியாரின் காதில் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குக் கடைசி ஆளாக வரும்படி சுவாமியார் அவரிடம் சொல்லிவைத்திருந்தார். மற்றவர்கள் வீட்டுக்குப் போனபிறகுதான் அவர் முழந்தாளிடுவார். அப்படியும் சிலர் வேலியோரம் தங்கிவிடுவதுண்டு.

அவருடைய ஊர் நுரைச்சோலைக்கு வடக்கே, ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் களப்பு என்னும் உப்புநீர் ஏரியுமாக நீண்டு கிடக்கும் மணலில் இருந்தது. அங்கே கரைவலை இழுப்பை நடத்துவது அவர் வேலை. வலை அவருடையதல்ல, வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி சிலாபத்தில் இருந்தார். தோணி போய்க் கடலில் வலையை வளைத்துப் போட்டுவிட்டு வந்ததும், இரண்டு கயிற்றிலும் நாற்பது ஐம்பது பேர் நின்று கரைக்கு இழுப்பார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் பின்னால் சாயாவிட்டால் வலை கோணும், மீன் போய்விடும். அதற்காகத்தான் ஊர்க் கோயில் அந்தோனியார்மேல் பாடும் அம்பாப் பாட்டு. ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் ‘ஏலோ’ என்று சாய்ந்து ஒரு கால் பின்வைத்து இழுப்பார்கள். அந்த ஒருவர் இன்னாசிப்பிள்ளை.

அவர் பள்ளிக்கூடம் போனவரல்ல. ஆனாலும் எழுத்தின்மேல் அவருக்கு ஒரு பயம் இருந்தது. ஒருமுறை மன்னாரிலிருந்த தம்பி அவருக்குக் கடிதம் எழுதினார். ஊரில் அப்போது வாசிக்கத் தெரிந்தவர் சுவாமியார் ஒருவர்தான். அவரும் கற்பிட்டிக்குப் போயிருந்தார். இன்னாசிப்பிள்ளை கடிதத்தைப் பத்திரமாக மடியில் செருகிக்கொண்டு கடலுக்குப் போனார். கடிதம் நனைந்தது, காய்ந்தது, மறுபடியும் நனைந்தது. சுவாமியார் திரும்பி வந்தபோது அதில் மை இல்லை. அடுத்த வருடம் தம்பி கைக்குழந்தையோடு வந்து நின்று, “ஏன் அண்ணே என்ட கலியாணத்துக்கு வரேல்ல?” என்று கேட்டபோதுதான் கடிதத்தில் என்ன இருந்தது என்று தெரிந்தது.

அன்றைக்கே அவர் முடிவு செய்துவிட்டார். தம் மகள் மாக்கிறட்டுக்கு வாசிக்கத் தெரியவேண்டும். வீட்டுக்கு வரும் கடிதத்தை அன்றைக்கே வாசிக்க வீட்டில் ஒரு ஆள் இருக்கவேண்டும்.

நான் சிலாபத்துக் கன்னியர் மடத்தில் தமிழும் இங்கிலீசும் படித்து முடித்து, 1938இல் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு இரண்டாம் ஆசிரியையாகப் போனேன். முதலாம் ஆசிரியர் பஸ்தியான் சட்டம்பியார். பள்ளிக்கூடம் என்பது கிடுகுக் கூரையும் இடுப்பளவு மண்சுவரும். சுவருக்கு மேலே கடல் தெரியும். கதவும் ஒன்று இருந்தது. அதைப் பிள்ளைகள் பயன்படுத்தியதை நான் பார்க்கவில்லை. கரையில் ‘ஏலோ’ என்று சத்தம் கேட்டதும் முப்பத்தொரு பிள்ளைகளும் சுவரேறிக் குதித்துக் கயிற்றுக்கு ஓடிவிடுவார்கள். நானும் சட்டம்பியாரும் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு இருப்போம்.

அந்த வருடம் பள்ளிக்கூடத்தைச் சோதனை செய்ய அரசாங்கத்திலிருந்து வந்த வித்தியாதரிசி கணக்கில் மூன்று பேரைத்தான் சித்தியடைய விட்டார். அடுத்த வருடம் பாதிப் பேராவது சித்தியடையாவிட்டால் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டு, பிள்ளைகளைத் தெற்கேயுள்ள பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவேண்டியதுதான் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

“நாலு மைல்,” என்றார் இன்னாசிப்பிள்ளை. “நாலு மைலும் மணல். பத்து வயசுப் பிள்ளை. நான் விடமாட்டன்.”

“அப்ப இனி வாற கடிதத்தையும் நனைச்சு வையுங்க,” என்றாள் அவருடைய மனைவி றோசா.

கொஞ்ச நாளில் கொழும்பிலிருந்து இங்கிலீசில் ஒரு சுற்றுக் கடிதம் வந்தது. சட்டம்பியாருக்கு நான் அதைத் தமிழில் சொன்னேன். பிள்ளைகளின் படிப்பில் பெற்றாரையும் ஊராரையும் சேர்த்துக்கொள்ளவேண்டும். அவரவருக்குத் தெரிந்ததைக் கொண்டு அவரவர் உதவும்படி கேட்கவேண்டும் என்று அதில் இருந்தது.

“இந்த ஊராரையா?” என்று அவர் என்னைப் பார்த்தார், அதை நானே எழுதியதுபோல.

ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் பிறகு கூட்டம். பிள்ளைகள் தவறிவிட்டதால் இனித் தங்களைச் சோதிக்கப் போகிறார்கள் என்று ஊரில் ஒரு கதை பரவியிருந்தது. ஆண்கள் தலைவாரி வந்தார்கள். ஒரு பெண் சட்டம்பியாருக்குப் பொரித்த மீன் கொண்டுவந்து, தனக்கு லேசான கேள்வியாகக் கேட்கச் சொன்னாள். இன்னாசிப்பிள்ளை பிள்ளைகள் உட்காரும் முன்வரிசை வாங்கில், முழங்கால் நாடியில் முட்ட உட்கார்ந்திருந்தார்.

“பிழை விட்டது பிள்ளையள், சட்டம்பியார். எங்களை ஏன் கூப்பிட்டீங்க?” என்றாள் றோசா.

சட்டம்பியார் விளக்கினார். சோதனை இல்லை என்று தெரிந்ததும் எல்லாருக்கும் தாராள மனம் வந்துவிட்டது. ஒருவர் கூரைக்குக் கிடுகு தருவதாகச் சொன்னார். ஒருவர் கிணற்றை இறைத்துத் தருவதாகச் சொன்னார். மீன் வாங்கக் கற்பிட்டியிலிருந்து வந்த முத்தலிபு சைக்கிளோடு சுவருக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். தம் பங்குக்கு ஆறு சிலேட்டு கொண்டுவருவதாக அவரும் சொன்னார்.

இன்னாசிப்பிள்ளை எழுந்தார். வாங்கும் கூடவே எழுந்தது.

“எனக்கு ஒண்டும் தெரியாது, சட்டம்பியார். இழுக்கத்தான் தெரியும்.”

சட்டம்பியாருக்கு அப்போது நல்ல பசி. “அப்ப வாய்ப்பாட்டைப் பிடிச்சு இழு. இந்தப் பிள்ளையளால அதைத்தான் அசைக்க ஏலாமக் கிடக்கு,” என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். இன்னாசிப்பிள்ளை சிரிக்கவில்லை.

மறுநாள் காலை அவர் பள்ளிக்கூடச் சுவருக்கு வெளியே வந்து நின்றார். “ரீச்சர், ஏழாம் வாய்ப்பாட்டில மூவேழு இருபத்தொண்டுக்கு அங்கால என்ன இருக்கு? மாக்கிறட்டுக்கு அவ்வளவுதான் தெரியுது.” நான் சொன்னேன். ஒவ்வொன்றாக அவர் திருப்பிச் சொன்னார். சுவரோரம் படுத்திருந்த ஆடு எழுந்து போய்விட்டது. மதியத்துக்குள் ஊரில் பாதிப் பேருக்கு ஏழாம் வாய்ப்பாடு தெரிந்திருந்தது, அவர்கள் கேட்காமலே.

அன்று பின்னேரம் கரையில் புது அம்பா கேட்டது.

“ஓரேழு ஏழு!”

“ஏலோ!”

“ஈரேழு பதினாலு!”

“ஏலோ!”

“அந்தோனியாரைப் பாடின வாயால ஆறேழு நாப்பத்திரண்டு எண்டு பாடினா மீன் வருமா?” என்று தோணிக்காரர் யோசேப்பு முறைப்பட்டார். அன்றைக்கு வலை நிறையச் சாளை வந்ததால் அந்த வாதம் அதோடு நின்றது. ஆனால் எட்டாம் வாய்ப்பாட்டைப் பாடிய முதல்நாள் வலையில் கூழ்போன்ற சொறிமுட்டைதான் வந்தது. கையெல்லாம் அரித்தது. அதற்குப் பிறகு யாரும் அதைக் கயிற்றடியில் வாயெடுத்துச் சொல்லவில்லை. ஏழுக்குப் பிறகு நேரே ஒன்பதுக்குப் போனார்கள்.

சட்டம்பியாரும் தம் பங்குக்கு ஒன்றை மாற்றினார். வலை கரையேறிய பிறகுதான் இனிப் பள்ளிக்கூட மணி என்றார். பிள்ளைகள் முதலில் இழுத்துவிட்டு, ஈரக் காலோடு சுவரேறி வகுப்புக்கு வந்தார்கள். யாரும் இடையில் ஓடவில்லை.

முத்தலிபுக்குத்தான் கஷ்டம். “என்ன இன்னாசி, மீன் விக்கிறியா, மதரசா நடத்துறியா? மீன் என்ன விலை எண்டு கேட்டா உன்ட ஆக்கள் அறுபத்துமூண்டு எண்டு சொல்றாங்க. நான் அறுபத்துமூண்டு எங்க போய் எடுக்கிறது?”

மாசி மாதத்தில் வித்தியாதரிசி வரும் நாள் வந்தது. முதல்நாளே சட்டம்பியார் இன்னாசிப்பிள்ளையைக் கோயிலுக்குக் கூட்டிப்போய், சோதனை முடியும்வரை வாய் திறப்பதில்லை என்று அந்தோனியார் சுரூபத்தின்முன் சத்தியம் வாங்கினார். பிள்ளைகளுக்கு யாராவது வெளியிலிருந்து விடை சொன்னதாக வித்தியாதரிசி ஐயாவுக்குத் தோன்றிவிட்டால் எல்லாம் போய்விடும் என்றார்.

காலையில் சுவரைச் சுற்றி ஊரே நின்றது. வித்தியாதரிசி கறுத்தக் கோட்டோடு மாட்டுவண்டியில் வந்து இறங்கினார். கதிரையில் உட்கார்ந்து, முன்வரிசைப் பையன் ஒருவனை எழுப்பினார்.

“எட்டேழு எவ்வளவு?”

பையன் வாயைத் திறக்கவில்லை. இரண்டு கையையும் பொத்தினான். மெதுவாகப் பின்னால் சாய்ந்தான். ஒரு காலைப் பின்வைத்தான். பிறகு ஒன்றையும் காணாதவன்போல் நின்றுவிட்டான்.

அடுத்தவனும் அப்படியே. மூன்றாவதாக எழும்பிய பிள்ளை சாய்ந்து சாய்ந்து பின்னால் போய் அலுமாரியில் முட்டிக்கொண்டது.

“இந்தப் பிள்ளைகளுக்கு ஏதும் நோய்வருத்தமா?” என்று வித்தியாதரிசி என்னிடம் இங்கிலீசில் கேட்டார். இல்லை என்று நான் இரண்டு மொழியிலும் சொன்னேன். சட்டம்பியார் நெற்றியைத் துடைத்தார்.

எங்களுக்கு முன்னே இன்னாசிப்பிள்ளைக்கு விளங்கிவிட்டது. பிள்ளைகளின் கை வெறுமையாக இருந்தது. கயிறு இல்லாமல் அவர்கள் ஒருநாளும் அதைச் சொன்னதில்லை. அவர் வாயைத் திறந்தார். றோசா தன் கையை அதன்மேல் வைத்தாள்.

“அந்தோனியார் பாத்துக்கொண்டு இருக்கிறார்,” என்றாள்.

அவர் வாயை மூடிக்கொண்டு கரைக்கு ஓடினார். திரும்பி வந்தபோது தோளில் வலைக்கயிறு சுருளாகக் கிடந்தது. ஒரு சொல்லும் சொல்லாமல் ஒரு தலைப்பைச் சுவருக்கு மேலால் எறிந்தார். அது மணலும் செதிளுமாக வித்தியாதரிசியின் மேசையில் விழுந்து, மைக்கூட்டையும் தட்டிக்கொண்டு தரைக்குப் போனது.

பிள்ளைகள் வரிசையாக எழுந்து அதைப் பிடித்தார்கள். வெளியே மறுதலைப்பைப் பெற்றார் பிடித்தார்கள். யாரும் அவர்களைப் பிடிக்கச் சொல்லவில்லை. ஒரு கயிறு இறுகுவதைக் கண்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க அந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

“ஓரேழு ஏழு,” என்றாள் மாக்கிறட்.

“ஏலோ!”

வித்தியாதரிசி நிறுத்தச் சொல்லிக் கையை உயர்த்தினார். எட்டேழு ஐம்பத்தாறு வந்தபோது கையைக் கீழே விட்டார். “ஆறாம் வாய்ப்பாடு,” என்றார். ஆறும் வந்தது. “ஒன்பது,” என்றார். அது பிள்ளைகளுக்குப் பிடித்த வாய்ப்பாடு; நல்ல மீன் வந்த வாய்ப்பாடு. அவர்கள் முழுப் பலத்தோடும் சாய்ந்தார்கள்.

முதலில் கயிற்றை விட்டவரை அந்த ஊரில் ஒரு வருடத்துக்குப் பகிடி பண்ணுவார்கள். ஆகவே வெளியே யாரும் விடவில்லை. ஒன்பதொன்பது எண்பத்தொன்றில் றோசா சுவரைத் தாண்டி உள்ளே வந்து விழுந்தாள். அவளுக்குப் பின்னால் யோசேப்பு, அவருக்குப் பின்னால் பொரித்த மீன்காரி, அவளுக்குப் பின்னால் முத்தலிபு.

“வல்லாஹி, நான் மீன் வாங்கத்தான் வந்தன்,” என்று சத்தியம் பண்ணினார் முத்தலிபு, தரையிலிருந்து.

கடைசியாக இன்னாசிப்பிள்ளை பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாகச் சுவரில் தொங்கினார். வாய் மட்டும் மூடியிருந்தது.

வித்தியாதரிசி எல்லாரையும் ஒருமுறை பார்த்தார். “நல்லது. இப்போது கயிற்றை விடுங்கள்,” என்றார். “பிள்ளைகள் கடைக்குக் கயிற்றோடு போகப்போவதில்லை. கயிறில்லாமல் சொன்னால்தான் கணக்கு.”

அவர் மாக்கிறட்டை முன்னே வரச் சொன்னார். “ஒன்பதேழு?”

மாக்கிறட் கையைப் பொத்தினாள். அப்பாவைப் பார்த்தாள். நாலு மைல் மணலும் அந்த நேரத்தில் அவர் முகத்தில் தெரிந்தது. அவரால் பேச முடியாது. சுவரில் கிடந்தபடியே அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். மாக்கிறட்டும் கண்ணை மூடினாள். வலது காலை மட்டும் ஒரு அடி பின்வைத்தாள்.

“அறுபத்துமூண்டு.”

“ஏழாறு?”

இடது கால். “நாப்பத்திரண்டு.”

அதற்குப் பிறகு எல்லாப் பிள்ளைகளும் அப்படியே சொன்னார்கள், ஆளுக்கு ஒரு அடி பின்வாங்கி. எட்டெட்டு எவ்வளவு என்று கேட்டபோது மட்டும் யாரும் சொல்லவில்லை. ஒரு பெண்பிள்ளை சிலுவை அடையாளம் போட்டாள். முப்பத்தொரு பேரில் பத்தொன்பது பேர் சித்தியடைந்தார்கள்.

வித்தியாதரிசி மிச்சமிருந்த மையில் பள்ளிக்கூடப் புத்தகத்தில் எழுதினார். சட்டம்பியார் என்னை அதை வாசித்துச் சொல்லச் சொன்னார். பள்ளிக்கூடம் தொடர்ந்து நடக்கலாம். எட்டாம் வாய்ப்பாடு போதாது. பெற்றார் பள்ளிக்கூடத்துக்கு வருவதில்லை என்று இனி எழுத முடியாது; அவர்கள் சுவருக்கு மேலால் வருகிறார்கள்.

“பெற்றாரில் ஒருவர் இதன்கீழ் கையொப்பம் வைக்கட்டும்,” என்றார் அவர்.

எல்லாரும் இன்னாசிப்பிள்ளையை முன்னே தள்ளினார்கள். அவர் பெருவிரலை மையில் தோய்க்கக் குனிந்தார்.

“பொறுங்க அப்பா,” என்று மாக்கிறட் பேனையை எடுத்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக அவர் பெயரை எழுதினாள். ஒரு விரல் நீளம் வந்தது.

இன்னாசிப்பிள்ளை அதை நெடுநேரம் பார்த்தார். பிறகு சட்டம்பியாரைப் பார்த்தார். சட்டம்பியார், இனிப் பேசலாம் என்று தலையசைத்தார்.

“இவ்வளவுதானா நான்?” என்றார் இன்னாசிப்பிள்ளை.

காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த குரல். வெளியே வித்தியாதரிசியின் வண்டிமாடு திடுக்கிட்டுத் துள்ளி, வண்டியையும் இழுத்துக்கொண்டு, வித்தியாதரிசி இல்லாமலே நுரைச்சோலைப் பக்கம் ஓடத் தொடங்கியது.