மாமா கண்டுபிடித்த என் வண்டி

போன மாதம் நாவலூரில் ஒரு அடுக்குமாடி வீட்டுக்கு பால்கனி கிரில் மாட்டினேன். துணி காயப்போடும் கம்பிகளை வேண்டும்போது வெளியே இழுத்துக்கொள்ளலாம், வேண்டாதபோது கிரிலோடு மடித்துவிடலாம். அப்படி ஒரு வழி செய்திருந்தேன். வீட்டுக்காரத் தம்பி இரண்டு மூன்று தடவை இழுத்து மடித்துப் பார்த்தார். "சூப்பர்ண்ணா! இந்த டிசைன எந்த சைட்ல பாத்தீங்க?" என்றார். நானாகத்தான் செய்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. "எங்கியோ பாத்தேன் சார்" என்று சொல்லிவிட்டு டிரில்லிங் மிஷினைப் பைக்குள் வைத்தேன்.

வண்டலூர் தாண்டியும் மனசு ஆறவில்லை. அந்தத் தம்பி மேல் கோபமா என்று பார்த்தேன், இல்லை. அது என் மாமா மேல் இருக்கிற கோபம். அதற்கு வயது நாற்பது ஆகப்போகிறது.

அப்போது எனக்குப் பத்து வயது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துபோயிருந்தது. தாம்பரத்துக்கு மேற்கே, உத்தியோகக்காரர்கள் வீடு கட்டியிருந்த ஒரு காலனிக்குப் பின் சந்தில் நாங்கள் குடியிருந்தோம். காலனிக் கிணறுகளில் உப்புத் தண்ணீர். நல்ல தண்ணீருக்கு எல்லோரும் மூன்று தெரு தள்ளியிருந்த கைப் பம்புக்குத்தான் வரவேண்டும். விடியும்போதே குடங்கள் வரிசையில் நிற்கும். அம்மா தலையில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாக நாலு நடை நடப்பாள். குடம் உட்கார்ந்து உட்கார்ந்து அவள் இடது இடுப்பில் கறுப்பாக ஒரு தழும்பு விழுந்திருந்தது.

அதற்காகத்தான் வண்டி செய்தேன். முதலில் லாரி ஷெட்டில் எறிந்திருந்த பேரிங்குகளைப் பலகையில் மாட்டினேன். மணலில் புதைந்து நின்றுவிட்டது. அப்புறம் காலனியில் யாரோ குப்பையில் போட்ட மூன்று சக்கர சைக்கிளின் பின் சக்கரங்களை அச்சோடு கழற்றிவந்து, சவுக்குக் கட்டையில் கைப்பிடி வைத்தேன். வண்டி ஓடியது, ஆனால் குடம் நிற்கவில்லை. பத்தடிக்கு ஒரு தடவை சாய்ந்தது. அம்மா தலையில் துணியைச் சுருட்டிச் சும்மாடு வைத்து, அதன்மேல் குடத்தை வைப்பதை ஒருநாள் பார்த்துக்கொண்டே நின்றேன். மறுநாள் இரண்டு பழைய ஸ்கூட்டர் டயர்களைப் பலகைமேல் படுக்கவைத்துக் கம்பியால் கட்டினேன். குடம் டயருக்குள் குழந்தை மாதிரி உட்கார்ந்துகொண்டது.

அதோடும் முடியவில்லை. டயர் கைப்பிடிப் பக்கமாகப் பின்னால் இருந்தால் கை கனத்தது, முன்னால் போனால் வண்டி குப்புற விழுந்தது. நான்கு நாள் அம்மா அடித்த தண்ணீரையெல்லாம் தெருவில் கொட்டினேன். அவள் திட்டவில்லை. "இன்னும் கொஞ்சம் தள்ளி வச்சுப் பாரேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் வரிசையில் போய் நின்றாள். கடைசியில் அச்சுக்கு நாலு விரல் முன்னால் கட்டியபோது, இரண்டு குடத்தையும் ஒரு கையால் தள்ள முடிந்தது.

அந்த வாரம் காலனி சங்கத்துச் செயலாளர் பம்புப் பக்கம் வந்தார். அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, அப்போது வேலை இல்லாமல் எங்கள் வீட்டில் இருந்தார். அன்றைக்கென்று பேண்ட் போட்டுக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். நான் கைப்பிடியைப் பிடித்திருந்தேன். செயலாளர் வண்டியைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, என்னைத் தாண்டி மாமாவிடம் கேட்டார்.

"பிரமாதமா இருக்கே! நீயாப்பா செஞ்சது?"

மாமா ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு, "ஆமா சார்" என்றார்.

"எப்படிப்பா தோணுது இதெல்லாம்?"

"சும்மா உக்காந்து யோசிச்சேன் சார், வந்துச்சு."

உட்கார்ந்து யோசித்தாராம்! அந்த மனிதர் எங்கள் வீட்டில் உட்கார்ந்ததுதான் உண்மை. யோசித்து வந்ததா அது? மணலில் புதைந்து, தெருவில் கொட்டி, அம்மா தலையைப் பார்த்து வந்தது. இன்றைக்கும் யாராவது 'சும்மா இருக்கும்போது எனக்கு ஒரு ஐடியா வந்தது' என்று சொன்னால் எனக்கு உடம்பெல்லாம் எரியும். அன்றைக்கும் எரிந்தது. ஆனால் பெரியவர்கள் முன்னால் எனக்கு நாக்கு எழும்பாது.

சாயங்காலம் அம்மாவிடம் அழுதேன். "அவன் பேர் வாங்கிக்கினா உனக்கு இன்னாடா கொறஞ்சு போச்சு? வண்டி நம்ம வூட்லதான கீது?" என்றாள். அவளும் தம்பி பக்கம்தான் என்று முடிவு செய்துகொண்டேன்.

குடியரசு தினத்தன்று கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள். மாமாவுக்குத் துண்டு போர்த்தி, "நம்ம காலனி இன்ஜினியர்" என்று மைக்கில் சொன்னார்கள். காலனிக்கு இதே மாதிரி இரண்டு வண்டி செய்து தரவேண்டும் என்று செயலாளர் கேட்டதற்கு, மாமா மார்பில் கை வைத்துக் குனிந்தார். எனக்கு வரிசையில் நின்றதற்கு ஒரு ஆரஞ்சு மிட்டாய் கிடைத்தது.

வீட்டுக்கு வந்து வண்டியைப் பிரித்தேன். கம்பியை அறுத்து, டயரைக் கழற்றி, அச்சை உருவி, கைப்பிடியையும் பிடுங்கினேன். ஒரு ஆணியைக்கூடத் தொலைக்கவில்லை. எல்லாவற்றையும் மாமா படுக்கும் பாய்க்குப் பக்கத்தில் ஒழுங்காக அடுக்கிவைத்தேன்.

மாமா வந்து பார்த்தார். "எவன்டா இத பிரிச்சது?" என்று கத்தவாவது செய்வார் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. கண்டுபிடித்தவருக்குத் திரும்பக் கட்டுவது ஒரு வேலையா? பொழுது சாய்வதற்குள் அவரே உட்கார்ந்து கட்டினார். டயர் இரண்டும் பலகையின் முன் நுனிக்குப் போயிருந்தன. பார்த்தேன், வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் காலை பம்படியில் காலனிப் பெண்கள், சந்துப் பெண்கள் எல்லோரும் இருந்தார்கள். மாமா இரண்டு குடத்தையும் நிரப்பி ஏற்றினார். தள்ளவே இல்லை, கைப்பிடியைத் தூக்கியதுமே வண்டி மூக்கால் மண்ணைக் குத்தியது. ஒரு குடம் உருண்டு பம்பு மேடையில் மோதி அடியில் கீறல் விட்டது.

"இன்னா இன்ஜினியரே, வண்டிக்கு சாமி வந்துச்சா?" என்று ஒரு அக்கா கேட்க, வரிசை முழுக்கச் சிரித்தது. "போத்துன துண்ட எடுத்துனு வாய்யா, தண்ணிய தொடைக்கலாம்!" என்றாள் இன்னொருத்தி. மாமா டயரைப் பிடித்து அப்படியும் இப்படியும் அசைத்துக்கொண்டிருந்தார். காது மடல் சிவந்துபோயிருந்தது. எங்கே நகர்த்துவது என்று அவருக்குத் தெரியவில்லை. அந்த நாலு விரல் தெரிந்தவன் மூன்றடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். யார் பிரித்தது என்பதும், யாரால் கட்ட முடியும் என்பதும் அந்த ஒரு பார்வையில் அவளுக்குத் தெரிந்திருந்தது. 'நீ வந்து கட்டுடா' என்று அத்தனை பேர் முன்னால் அவள் ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று காத்திருந்தேன். சொல்லியிருந்தால் ஓடியிருப்பேன்.

அவள் சொல்லவில்லை. "வுடுடா, அப்புறம் பாத்துக்கலாம்" என்று தம்பியிடம் மெதுவாகச் சொன்னாள். கீறல் விட்ட குடத்தை ஓரமாக வைத்துவிட்டு, பக்கத்து வீட்டுக் குடத்தை இரவல் வாங்கி நிரப்பினாள். ஒன்றைத் தலைக்கு ஏற்றி, மற்றதை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

தெருவுக்குக் குழாய் வரும்வரை அப்படித்தான் நடந்தாள். மாமா அந்த வண்டியைத் திரும்பத் தொடவில்லை. யாராவது என்னைக் கூப்பிட்டுக் கேட்டால்தான் கட்டுவது என்று நானும் இருந்துவிட்டேன். யாரும் கேட்கவில்லை. வாயைத் திறந்து அவள் என்னைக் கேட்டிருந்தால் அத்தனை பேர் முன்னால் அவள் தம்பி பொய்யன் ஆகியிருப்பான், கேட்காததால் தண்ணீர் அவள் இடுப்புக்கே போனது. இதெல்லாம் அந்தப் பத்து வயதுப் பையனுக்கு எங்கே தெரியும்? அன்று காலை அவளுக்குப் பின்னால் கையை வீசிக்கொண்டு நடந்தபோது, நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.