நூறு சதவீதம் சுத்தமான தேன்

பாட்டிலில் தேன் நிரப்பிய அன்று வீட்டில் இருந்தது நானும் அம்மாவும். அப்பா இல்லை. ஆரல்வாய்மொழியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். அவர் இருந்திருந்தால் இதை எழுத வேண்டியே வந்திருக்காது.

அப்பாவுக்கு ரப்பர் தோட்டங்களில் முப்பது தேனீப் பெட்டிகள் உண்டு. ரப்பர் தளிர்க்கிற மாசியில் தேன் எடுப்பார். எடுத்ததை வெள்ளைக் கேன்களில் ஊற்றி வைத்திருந்தார். ஓரமாக ஒரு நீலக் கேன் – அது மட்டும் வீட்டுக்கு என்று சொல்லியிருந்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

இந்த வருடம் வியாபாரிக்குக் கொடுக்க வேண்டாம், நாமே பாட்டிலில் விற்கலாம் என்று அவரைச் சம்மதிக்க வைத்தவன் நான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். லேபிள் எழுதுவது வேறு யார்? ‘நூறு சதவீதம் சுத்தமான தேன்.’ ஊர் வாட்ஸப் குரூப்பில் போட்டேன். அறுபது பாட்டிலுக்கு ஆர்டர் வந்துவிட்டது.

பாதி நிரப்பும்போதே தேன் போதாது என்று தெரிந்தது. நீலக் கேனைத் தூக்கி அண்டாவில் கவிழ்த்தேன்.

“மக்கா, அது வீட்டுக்கு உள்ளதுல்லா?” என்றார் அம்மா.

தேன் தேன்தானே அம்மா என்றேன்.

மூன்று வாரம் கழிந்தது. ஷார்ஜாவில் வேலை பார்க்கும் பெரியப்பா மகன், குரூப்பில் ஒரு போட்டோ போட்டார். ஊரிலிருந்து கொடுத்தனுப்பிய பாட்டிலில் தேன் வெள்ளையாக உறைந்திருக்கிறது. நடுவே ஒரு கரண்டி, கொடிக்கம்பம் மாதிரி நேராக நிற்கிறது. கீழே இப்படி எழுதியிருந்தார்: “எலே தம்பி, இதா ஒனக்க சுத்தம்? சீனி கிலோ என்ன விலைக்கு வாங்கின?”

ரப்பர் தேன் சீக்கிரம் உறையும். அதன் குணமே அதுதான். எழுதினேன். யார் கேட்கிறார்கள்? ஒருவர் எறும்பு சோதனை சொன்னார், இன்னொருவர் தீக்குச்சி சோதனை. சிரிக்கிற பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன.

யோசித்துப் பாருங்கள்... இந்தச் ‘சுத்தம்’ நம் வாயில் படுகிற பாடு கொஞ்சமா? ஓட்டல் வாசலில் சுத்த சைவம். பத்திர ஆபீசில் சுத்தக் கிரயம். காசு தொடாதவருக்குக் கை சுத்தம். பால் வாங்கச் சொன்னதைச் சுத்தமாக மறந்துவிடுகிறோம். காரியம் கெட்டால் தலையில் கை வைத்துக்கொண்டு “சுத்தம்” என்கிறோம். பொய்யில்கூடச் சுத்தப் பொய் என்று ஒன்று இருக்கிறது. எல்லோரும் வைத்திருக்கிற சொல்தானே என்றுதான் நானும் லேபிளில் ஒட்டினேன்.

பயந்து பயந்து அப்பாவிடம் போனைக் காட்டினேன். அவர் பதறவில்லை.

“மழக்காலத்துல பூ கெடையாது. சீனிப்பாகு குடுக்கலைன்னா ஈ செத்துப்போவும். இந்தத் தடவ நாலு பெட்டியில தேன் எடுக்குற மேல்தட்ட கழட்ட விட்டுப்போச்சு, ஈ பாக அதுல கொண்டு நெறச்சுட்டு. அந்தத் தேன நான் தனியால்லா நீலக் கேன்ல வச்சிருக்கேன்? பின்ன என்னத்துக்குப் பயம்? லேபுக்குக் குடு.”

அந்த நீலக் கேனைத்தான் நான் அண்டாவில் கவிழ்த்திருந்தேன்.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முதலில் நிரப்பிய பாட்டிலை அம்மா சாமி படத்துக்கு முன்னால் வைத்திருந்தார். நீலக் கேனைக் கவிழ்ப்பதற்கு முன்பு நிரப்பியது அது. நல்ல தேன் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரே பாட்டில். மற்றவையெல்லாம் அட்டைப்பெட்டிகளில் கலந்துபோய், எது எது என்றே தெரியாது. சாமி பாட்டிலை எடுத்துக்கொண்டு நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறினேன்.

பத்து நாள். ரிப்போர்ட் வந்தது... கலப்படம் இல்லை.

அதை லேமினேட் செய்யச் சொன்னார் அப்பா. அவருக்கு வாசிக்கத் தெரியாது. ஆனாலும் டீக்கடையில், ரேஷன் கடையில், வழியில் கண்டவர்களிடம் எல்லாம் நீட்டினார். “லேபுல பாத்தாச்சு, வாசிச்சுப் பாருங்க” என்றாராம். யாராவது வாசித்து முடிக்கும் வரை பக்கத்திலேயே நிற்பாராம். ஷார்ஜா அண்ணனும் குரூப்பில் மன்னிப்புக் கேட்டார். எல்லாம் சரியாகிவிட்டது. எனக்கு மட்டும் பயம் இரண்டு மடங்காகிவிட்டது. முன்பு ஊர் கண்டுபிடித்துவிடுமோ என்று பயந்தேன். இப்போது, கண்டுபிடிக்காமலே போய்விடுமோ என்று.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டில் சொல்லிவிட்டேன். நீலக் கேன் அண்டாவில் போனதை, சாமி பாட்டில் லேபுக்குப் போனதை.

அப்பா கையில் எடுத்த உருண்டையைத் திரும்ப இலையில் வைத்தார். “அப்போ அந்தப் பேப்பரு?”

“அந்த ஒரு பாட்டிலுக்கு மட்டும்தாம்பா.”

அப்பா சத்தம் உயர்த்தாமலே சொன்னார்: “படிச்சவனுக்குத்தாம்லே இது தோணும்.”

அடித்திருந்தால் தேவலை.

“அவன் மட்டுமா? நானும் பாத்துட்டுதான் நின்னேன்” என்றார் அம்மா. அப்பா இலையை மடித்து எழுந்தார். கையைக் கழுவிவிட்டு, குரூப்பில் போட என்னை எழுதச் சொன்னார். எல்லாப் பாட்டிலும் திரும்ப வர வேண்டும், பணம் முழுசாகக் கொடுத்துவிடுவோம் என்று. என்ன காரணம் எழுதட்டும் என்று கேட்டேன். நடந்ததை எழுது என்றார். நான்கு தடவை அழித்தேன். அனுப்பியதும் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

இந்தத் தடவை சிரிக்கிற பொம்மை ஒன்றும் வரவில்லை. ஒருவர் மட்டும், நல்லாத்தானே இருந்து, மிச்சம் இருந்தா குடுங்க என்று கேட்டிருந்தார். அண்ணன் பணம் வேண்டாம் என்றார், அப்பா விடவில்லை. வீடு வீடாக அவரே ஆட்டோவில் போனார். நானும் கூடப் போனேன் – பாட்டிலை வாங்க ஒரு ஆள், பணத்தை எண்ண ஒரு ஆள். திரும்பி வந்ததில் பதினேழு பாட்டில் கழுவித் துடைத்த காலி பாட்டில். அதற்கும் முழுப் பணம்.

திருப்பிக் கொடுத்த பணம், லேப் கட்டணம், ஆட்டோ எல்லாம் சேர்த்து, இருபத்து நாலாயிரத்து அறுநூற்று ஐம்பது ரூபாய் கையை விட்டுப் போயிற்று.