காத்ரஜ் மலையில் என் மணிக்கட்டு

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தவள். பஸ் ஏறினாலே வாந்தி வருவதால், சாத்தாராவில் இருக்கும் மகள் வீட்டுக்கு இந்தப் பயணத்துக்கு முன் போனதே இல்லை.

சுவார்கேட் பஸ் நிலையத்தில் நான் ஏறிய பஸ் காத்ரஜ் மலையில் வளைந்து வளைந்து ஏறுகிறது. வாந்தி வராமலிருக்க, மணிக்கட்டு மடிப்பிலிருந்து மூன்று விரல் தள்ளி, இரண்டு நரம்புக்கும் நடுவே கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வருகிறேன்.

பக்கத்து சீட்டு மராத்திப் பெண் சிரித்துக்கொண்டே இந்தியில் கேட்கிறாள்.

"ஆஜி, பாட்டிம்மா, கையைப் பிடிச்சா வயிறு கேக்குமா? இந்தாங்க, பிளாஸ்டிக் பை."

"நீயே வச்சுக்கோம்மா, உனக்கு ஆகும்."

மலை இறங்குவதற்குள் அந்தப் பை அவளுக்கே ஆகிறது. அவள் கையை இழுத்து, அதே இடத்தில் அழுத்திவிடுகிறேன். என் பட்டுப்புடவையில் ஒரு துளி இல்லை.

இதோ, மகள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். அடியே பேத்தி, தமிழை எழுத்துக்கூட்டியாவது இதைச் சத்தமாகப் படித்துக் காட்டு. அடுப்படியில் நிற்கும் உன் அம்மாவுக்கும் கேட்கட்டும்.