வாளியோடு திரும்பிப் போன விருந்தாளி

எழுபத்தெட்டாம் ஆண்டு பங்குனி மாதம், மலேசியாவில் தஞ்சோங் ரம்புத்தானுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் என் தங்கையின் கல்யாணம் நடந்தது. ஈப்போவில் ஒரு வொர்க்‌ஷாப்பில் எனக்கு வேலை. டவுனில் மண்டபம் எடுக்கலாம் என்றேன். அவள் கேட்கவில்லை. பிறந்து வளர்ந்த தோட்டத்துக் கோயிலடியில், தன் கையால் அலங்கரித்த பந்தலில்தான் தாலி ஏற வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தாள்.

பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் இறக்கிவிட்டு வந்து, தோழிகளோடு உட்கார்ந்து ஒரு மாதமாகக் கிரேப் காகிதத்தில் பூச் செய்தாள். ரப்பர் கொட்டைகளுக்கு வெள்ளிச் சாயம் பூசிச் சரமாகக் கோத்தாள். பால் டின்களில் ஆணியால் துளைபோட்டு விளக்குக்கூடு செய்தாள். மணவறைக்குப் பின்னால் வெள்ளை வேட்டிகளைக் கட்டி, அவற்றில் பூக்களைத் தைத்தாள். பார்த்தவர்கள் அசந்துபோனார்கள்.

முதல்நாள் மாலை காற்றோடு மழை கொட்டியது. ஓலைக் கூரை ஒழுகி, காகிதப் பூக்களின் சாயம் வேட்டிகளில் வழிந்து, எல்லாம் கந்தலாகிவிட்டது. தங்கை அழவில்லை. நனைந்த வேட்டிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து மடித்து வைத்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

விடிந்ததும் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு குனோங் ராபாட்டுக்குப் போனேன். அங்கே மலையடியில் ஒரு சீன அம்மா, எங்கள் பேச்சில் ஆசோ, பூத்தோட்டம் வைத்திருந்தார். வேலைக்குப் போகும்போது பார்த்திருக்கிறேன். மஞ்சள் செவ்வந்தியை வெட்டி வாளிகளில் நிரப்பிக்கொண்டிருந்தவர், விஷயத்தைச் சொன்னதும் கையை ஆட்டி மறுத்தார்.

"இனி பூங்கா ஒராங் மாத்தி புஞ்ஞா லா," என்றார் மலாயில். செத்தவர்களுக்கு வைக்கிற பூவாம். சீனர்கள் கல்லறைக்குப் போய்க் கும்பிடும் சமயம் அது. அதைக் கல்யாணப் பெண்ணுக்குக் கொடுத்தால் ஆகாது என்று அவருக்குப் பயம்.

எங்களுக்கு இதுதான் கல்யாணப் பூ என்று எனக்குத் தெரிந்த மலாயில் விளக்கினேன். கொஞ்சம் யோசித்தார். பிறகு உள்ளே போய்ச் சிவப்புக் காகிதம் கொண்டுவந்து, நாடா நாடாவாகக் கிழித்து, ஒவ்வொரு கொத்துக்கும் கட்டினார். இனிமேல் நல்ல பூதான் என்று சிரித்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். கட்டாயம் சாப்பிட வர வேண்டும் என்று சொல்லி, எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு வழியும் சொல்லிவிட்டு, இரண்டு வாளிகளை வண்டியின் இருபுறமும் கட்டிக்கொண்டு திரும்பினேன்.

மணவறை முழுக்க மஞ்சளும் சிவப்புமாக நிறைந்தது. தங்கை அப்போதுதான் சிரித்தாள்.

பெண்ணுக்கு அண்ணன் செய்ய வேண்டிய சடங்குக்காக நான் மணவறையில் உட்கார்ந்திருந்தபோது, பந்தல் வாசலில் அந்த அம்மாவைப் பார்த்தேன். இஸ்திரி போட்ட சட்டை, வாரி முடிந்த தலை, கையில் சீனர்கள் மொய் வைத்துக் கொடுக்கும் சிவப்பு உறை. வாசலில் நின்ற பெரியப்பாவுக்கு மலாய் அவ்வளவாக வராது. அவர் உள்ளே போய் இரண்டு வாளிகளையும் கொண்டுவந்து அந்த அம்மா கையில் கொடுத்தார். அந்த அம்மா வாளிகளையும் பெரியப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். சிவப்பு உறையைச் சந்தனத் தட்டில் வைத்துவிட்டு நடந்துவிட்டார்.

சடங்கின் நடுவில் என்னால் எழுந்திருக்க முடியவில்லை. கையைக் காட்டினேன், யாருக்கும் புரியவில்லை. முடிந்ததும் ஓடிவந்து கேட்டேன்.

"அந்தச் சீனத்தம்மாவா? வாளிக்கு வந்துச்சு. கழுவி வச்சிருந்தேன், குடுத்து அனுப்பிட்டேன்லா," என்றார் பெரியப்பா. நல்ல காரியம் செய்த திருப்தி அவர் முகத்தில்.

வண்டியை எடுத்துக்கொண்டு செம்மண் சாலையில் விரட்டினேன். பெரிய ரோட்டுக்கு வந்தபோது பஸ் போய்விட்டிருந்தது.

அடுத்த வாரம் தங்கையும் மாப்பிள்ளையும் நானும் பலகாரத்தோடு பூத்தோட்டத்துக்குப் போனோம். அவர் பினாங்கில் மகன் வீட்டுக்குப் போயிருப்பதாக அங்கே வேலை செய்தவர் சொன்னார். பலகாரத்தை அந்த வேலையாளிடமே கொடுத்துவிட்டு வந்தோம். பிறகும் போய்ப் பார்த்தேன், அந்த அம்மா திரும்பவில்லை. கொஞ்ச நாளில் அந்த நிலத்தையும் வீடு கட்டுவதற்காகச் சமன் செய்துவிட்டார்கள். அவர் பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

"அந்த ஆசோ சாப்பிடாமப் போயிட்டாங்களே அண்ணே," என்று தங்கை இன்றைக்கும் சொல்வாள். பெரியப்பா மேல் கோபப்பட என்னால் முடியவில்லை. ஆனாலும் எந்தக் கல்யாணத்தில் இலை முன்னால் உட்கார்ந்தாலும், என் ஒரு சொல்லை நம்பி அவ்வளவு தூரம் வந்தவர் பசியோடு பஸ்ஸுக்கு நடந்து போயிருப்பாரே என்ற நினைப்பில், முதல் கவளத்தை எடுக்குமுன் வாசல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன்.