பதினான்கு நல்ல நாட்கள்

2022 நவம்பர் 15, செவ்வாய்க்கிழமை. காலை ஐந்தரைக்கு எழுந்து வெந்நீர் வைத்தேன். மாமனாருக்கு முகம் துடைத்துவிட்டு, ஆறு மணிக்கு மாத்திரை கொடுத்தேன். வலது கையால் என் விரலைப் பிடிக்கச் சொன்னேன், பிடிக்கவில்லை. அதைக் குறித்துக்கொண்டு ஏழு மணிக்கு எஸ்டேட் ஆபீசுக்குப் போனேன். பனிமூட்டம் பதினொரு மணிவரை விலகவில்லை. நாட்குறிப்பில் இவ்வளவும் இருக்கிறது. அன்று மாலை நடந்ததற்கு மட்டும் இரண்டே வரி.

மாமனார் கோத்தகிரிப் பக்கத்து எஸ்டேட் ஒன்றின் டிஸ்பென்சரியில் முப்பத்திரண்டு ஆண்டுகள் கம்பவுண்டராக இருந்தவர். இலங்கைத் தோட்டத்திலிருந்து இளைஞராக வந்தவர். காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிப்பதைக் கடைசிவரை 'பிரட்டு' என்றுதான் சொன்னார். எழுபத்தாறாவது வயதில், அந்தப் புரட்டாசியில், கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு அதன் பெயர் வராமல் நின்றார். பிறகு சட்டைப் பொத்தான்கள் இடம் மாறின. கோயம்புத்தூரில் ஸ்கேன் எடுத்து, ஊசி வழியாகச் சதை எடுத்துச் சோதித்து, மூளையில் வேகமாக வளரும் புற்றுக்கட்டி என்றார்கள். வெட்டி எடுக்க முடியாத இடம்.

மருத்துவர் என்னையும் என் மனைவியையும் மட்டும் உட்காரவைத்துப் பேசினார். இந்த வயதில் மூன்று வாரம் கதிர்வீச்சு கொடுத்துப் பார்க்கலாம். சில மாதங்கள் கூடலாம். கூடும் மாதங்கள் எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது. கொடுக்காவிட்டால் இருப்பது அதைவிடக் குறைவு. "அவருகிட்டயே கேட்டு முடிவு பண்ணுங்க. பேச முடியறப்பவே கேட்டுடுங்க" என்றார். நவம்பர் பதினாறாம் தேதி வரச் சொல்லி, வீக்கம் வடிய மாத்திரை எழுதிக் கொடுத்தார். வெளியே வந்ததும், அப்பாவுக்குத் தெரியவே கூடாது என்றாள் மனைவி. நானும் சரி என்றேன்.

மாத்திரை தொடங்கிய மூன்றாம் நாள், அக்டோபர் இருபத்தேழு, அவர் தானாகவே பொத்தான் போட்டுக்கொண்டார். பேச்சு திரும்பியது. டீக்கடை வரைக்கும் நடந்து போய் வந்தார். நான் தினமும் அவர் கைப்பிடியைச் சோதித்து எழுதுவதைப் பார்த்து, "ஆபீஸ் வேலைய உட்டுட்டு மாமனாரு வெரலப் புடிச்சிக்கிட்டு இருந்தா தொர சம்பளம் குடுப்பாரா மாப்பிள்ள?" என்று கேலி செய்தார். வடிவது வீக்கம்தான், கட்டி அல்ல என்று மருத்துவர் சொன்னதை நானே எழுதி வைத்திருந்தேன். இருந்தும் அவர் நடந்து போவதைப் பார்த்தபோது அந்த வரி எனக்குப் பொய்யாகத் தெரிந்தது. மனைவி கோயிலில் பொங்கல் வைக்க நாள் பார்த்தாள்.

அந்த நாட்களில் ஒருமுறை அவர் மாத்திரையை உள்ளங்கையில் புரட்டிப் பார்த்தார்.

"இது எதுக்குக் குடுக்கறதுன்னு எனக்குத் தெரியும் மாப்பிள்ள. எத்தன நாளைக்கு எழுதியிருக்காங்க?"

"வீக்கம் வடியற வரைக்கும் மாமா."

"லயத்து வீடுகள்ல சீக்காளிங்ககிட்ட நானும் இப்படித்தான் சொல்லுவேன்" என்று சிரித்தார். சிரித்து முடித்தும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்பதற்கு அதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைத்ததில்லை. தண்ணீர் சூடாக இருக்கிறதா என்று கேட்டேன்.

நவம்பர் ஒன்பதாம் தேதியோடு நல்ல நாட்கள் முடிந்தன. பதினான்கு நாட்கள். மாத்திரையைக் கூட்டியும் கை மீண்டும் தளர்ந்தது. சொற்கள் ஒவ்வொன்றாகப் போயின. செவ்வாய் மாலை, விடிந்தால் கோயம்புத்தூர் போக வேண்டும் என்ற நிலையில்தான் மனைவி சொன்னாள்: "அப்பாகிட்டயே கேட்டுருங்க. என்னால ஆகாது."

கட்டிலருகே உட்கார்ந்தேன். "மாமா, தலையில கட்டி இருக்கு. கரண்ட் வைக்கணும்ங்கறாங்க. போலாமா?"

"ஆமா" என்றார்.

மனைவியின் முகம் தெளிந்தது. எனக்குச் சந்தேகம் போகவில்லை. "இல்ல, எங்கயும் போகாம ஊட்லயே இருந்துக்கலாமா?"

"ஆமா" என்றார், அதே குரலில். இடது கையால் போர்வையின் ஓரத்தை நீவிவிட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டு கேள்வியையும் இரண்டு பதிலையும் நாட்குறிப்பில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினேன். அதற்குமேல் எழுத ஒன்றும் இல்லை. மனைவி வெகுநேரம் அழுதுவிட்டு, மலை இறங்கிப் போய்வர அப்பாவால் இனி ஆகாது, விட்டுவிடலாம் என்றாள். நான் மறுக்கவில்லை. தைப்பொங்கலுக்கு ஐந்து நாள் இருக்கும்போது அவர் போய்விட்டார். நாங்கள் எடுத்த முடிவு தவறு என்று இன்றுவரை எந்த மருத்துவரும் என்னிடம் சொல்லவில்லை. அது மாமனார் எடுத்திருக்க வேண்டிய முடிவு.

நவம்பர் பதினாறு, புதன்கிழமை காலை ஐந்து மணிக்கு, முதல் வேலையாக, எங்களைக் கூட்டிப்போகச் சொல்லியிருந்த கார் டிரைவருக்குப் போன் செய்து வர வேண்டாம் என்றேன்.

"ஏனுங்க சார், பெரியவரு வரமாட்டேன்னுட்டாருங்களா?" என்றார் அவர்.

"ஆமாங்க. அவரே வேண்டாம்னு சொல்லிட்டாரு" என்றேன்.