பெட்டி இருந்தது

மலேசியாவில், கிள்ளானில் ஒரு சிறிய பிரசவக் கிளினிக்கில் நான் நர்ஸ். தினமும் காலையில் ஃபிரிட்ஜைத் திறந்து, இரத்தப்போக்கை நிறுத்தும் ஊசிமருந்துப் பெட்டி இருக்கிறதா என்று பார்த்து டிக் அடிப்பேன்.

அன்று குழந்தை பிறந்தபிறகு கவிதாவுக்கு இரத்தம் நிற்கவே இல்லை. வயிற்றை அழுத்திப் பிடித்திருந்த டாக்டர், "மருந்து எங்க? சீக்கிரம் லா!" என்று கத்தினார். பெட்டியைத் திறந்தேன். காலி. காலையில் நான் டிக் அடித்தது வெறும் அட்டைக்கு.

செருப்பில்லாமல் சாலையைக் கடந்து எதிர்க் கிளினிக்குக்கு ஓடினேன். லோரிக்காரன் திட்டினான். மருந்தோடு திரும்பியபோது கட்டிலிலிருந்து தரையில் இரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. கவிதாவின் உதடு வெளுத்துவிட்டது. ஊசி போட்டோம். மெல்ல மெல்ல நின்றது.

மறுநாள் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்காக வெறுங்காலோட ஓடுனீங்களாமே அக்கா."

ஏன் ஓட வேண்டி வந்தது என்று இன்றுவரை நான் அவளிடம் சொல்லவில்லை.